நாற்பத்தேழில் முடிய வேண்டிய எண்

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால், அவன் முடித்துக் கொடுத்த வேலைகளைத்தான் சொல்வான். நான் பாதியில் நின்றுபோன ஒரு வேலையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இந்தத் தொழிலில் நான் பார்த்தவற்றிலேயே பெரிய காரியம் அதுதான். அதைச் செய்தது நானல்ல, என்னோடு வேலை பார்த்த கலாவதி. புதிதாக நிரல் எழுத வந்திருக்கும் நீங்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருப்பதியில் நான் வேலை பார்த்தது ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் சின்னச் சின்ன நிரல்கள் எழுதிக் கொடுப்போம். கலாவதி கணிதம் படித்துவிட்டு எங்களிடம் வந்தவர். சத்தியவேட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, வேலையில் ஆங்கிலம் என்று மூன்றிலும் கணக்குப் போடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குலுக்கல் முறையில் எண் எடுப்பதற்கென்று ஒரு சின்ன நிரல் எழுதினார். அதன் நடுவில் ஓர் எண் இருந்தது: 2147483647. இருநூற்றுப் பதினான்கு கோடியில் தொடங்கி நாற்பத்தேழில் முடியும் எண்.

"ஏம்மா, இந்த எண் எதுக்கு? இருநூறு கோடின்னு ரவுண்டா வச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "சார், இது பகா எண். ஒண்ணும் அதுவும் தவிர வேற எதுவும் இத வகுக்காது. ரெண்ட முப்பத்தோரு தடவ பெருக்கி, அதுல ஒண்ணு கழிச்சா இதுதான் வரும். அந்த முப்பத்தொண்ணும் பகா எண்தான்."

பிறகு அவரே உட்கார்ந்து விளக்கினார். கணினி எதுவும் இல்லாத காலத்தில், பார்வை மங்கிக்கொண்டிருந்த ஒரு கணித மேதை இது பகா எண்தான் என்று நிறுவினாராம். இதை ஏதாவது ஓர் எண் வகுக்குமென்றால் அது குறிப்பிட்ட சில வடிவங்களில்தான் இருக்க முடியும் என்று முதலில் காட்டிவிட்டு, அந்தச் சில எண்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சோதித்தாராம். நெடுங்காலம் உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதுவாகவே இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட எண், பின்னால் வந்த கணினிகளின் ஒரு சிறு நினைவறையில் அடங்கக்கூடிய ஆகப் பெரிய எண்ணாகவும் அமைந்துவிட்டது. இதைச் சொல்லும்போது, தன் வீட்டுப் பிள்ளை மாநிலத்தில் முதலாவதாக வந்ததைப் போல அவர் முகத்தில் ஒரு பெருமிதம்.

அந்த நிரல் செய்வது எளிமையான வேலை. ஓர் எண்ணை எடுத்துப் பெருக்கும். வந்ததை இந்தப் பகா எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளும். அந்த மீதியை மறுபடி பெருக்கி, வகுத்து, மீதி எடுக்கும். பெருக்கும் எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், அத்தனை கோடி எண்களும் ஆளுக்கு ஒருமுறை தலைகாட்டிய பிறகுதான் முதல் எண் திரும்ப வரும். அடுத்து எது வரும் என்று பார்க்கிறவர்களால் ஊகிக்க முடியாது. அதற்குக் காரணம் அந்த எண் பகா எண்ணாக இருப்பது.

சில வருடங்கள் கழித்து எங்களுக்கு ஒரு வேலை வந்தது. சத்தியவேட்டுக்கு அருகே தொழிற்சாலைகளுக்காக நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு மாற்று மனை ஒதுக்க வேண்டும். மனைப்பிரிவில் ஏ, பி, சி, டி என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் தேவைக்கு மேலேயே மனைகள். ஏ பகுதி நெடுஞ்சாலையை ஒட்டியது, இறங்கினால் பேருந்து. டி பகுதி ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். மழைக்காலத்தில் கணுக்காலுக்குத் தண்ணீர் நிற்கும். யாருக்கு எந்தப் பகுதி என்பதை மக்கள் முன்னால் கணினிக் குலுக்கலில் முடிவு செய்வதென்று ஏற்பாடு.

கலாவதி முதல் நாளே என்னிடம் வந்து, "எங்க நைனாவும் அதுல மனு போட்டுக்கீறாரு சார். நான் இந்த வேலையத் தொடக் கூடாது" என்று அப்பாவைக் காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அதனால் அவருடைய பழைய நிரலை இன்னொரு நண்பர் எடுத்துக்கொண்டார். நல்ல உழைப்பாளி. எண்ணைப் பார்த்தவருக்கு, நாற்பத்தேழு தட்டச்சில் விழுந்த பிழையாகத் தோன்றியிருக்கிறது. இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கினால் நாற்பத்தெட்டில் அல்லவா முடிய வேண்டும்? ஒன்று குறைகிறதே என்று நல்லெண்ணத்தோடு திருத்திவிட்டார். கணினிக்கு அது தோதான எண், வேகமும் கூடும் என்று பெருக்கும் முறையையும் அதற்கேற்ப மாற்றினார். ஒத்திகையில் நான்கு பகுதிகளுக்கும் சரிசமமாக ஆட்கள் விழுந்தார்கள். ஒரு பகுதிக்குக்கூட ஓர் ஆள் கூடவில்லை, குறையவில்லை. குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அதிர்ஷ்டத்தின் கையில் விட்ட ஒன்று ஒவ்வொரு முறையும் பிசகாமல் சரிசமமாக வந்தால், கைதட்டுவதற்கு முன் பயப்பட வேண்டும். அன்று எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

குலுக்கல் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காலையிலேயே கூட்டம் நிரம்பிவிட்டது. மேடையில் ஒரு பெண் அதிகாரி; தெலுங்குக்காரர், கண்டிப்பானவர் என்று பெயர். நான் மேடையோரத்தில் கணினி முன்னால் இருந்தேன். மனு எண் வரிசைப்படி பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் படிப்பார்கள். நான் பொத்தானை அழுத்துவேன். பகுதியின் எழுத்து திரையில் வரும். அந்தக் குடும்பம் மேடையேறிச் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கும். ஒவ்வொருவருக்கும் கைதட்டல், கேலி, பெருமூச்சு. ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே இத்தனை இருந்ததால், எழுத்துகளைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கலாவதி கூட்டத்தில், தன் நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய நைனாவுக்கு ஏ பகுதி விழுந்தது. மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடையேறியதும், சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது.

சிறிது நேரத்தில் கலாவதி எழுந்து மேடைப் பக்கம் வருவதைப் பார்த்தேன். அவருடைய நைனா பின்னாலிருந்து, "இன்னாம்மா, நம்ம பேருதான் வந்துட்டுதே, எங்க போற?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார். "சார், அடுத்தது டி."

எனக்குப் புரியவில்லை. பெயரைப் படித்தார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். திரையில் டி.

"அடுத்தது சி."

சி வந்தது.

"அதுக்கப்புறம் பி. அதுக்கப்புறம் ஏ."

பி வந்தது. ஏ வந்தது. நான் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"முதல்லேந்து இப்பிடியேதான் வந்துக்கினு கீது சார். ஏ, டி, சி, பி. ஏ, டி, சி, பி. மனு நம்பர நாலால வகுத்தாப் போதும், யாருக்கு எதுன்னு சொல்லிடலாம். எண்ண மாத்திட்டீங்களா?"

நிரலைத் திறந்து பார்த்தேன். கடைசி இலக்கத்தில் எட்டு உட்கார்ந்திருந்தது. ஏழு எட்டானதில் பகா எண் போய்விட்டது. அந்த இடத்துக்கு வெறும் இரண்டுகளைப் பெருக்கிச் சேர்த்த எண் வந்துவிட்டது. அதனால் எண்கள் பார்வைக்குத் தாறுமாறாக இருந்தாலும், பகுதியை முடிவு செய்வதற்காக நான்கால் வகுத்து எடுக்கும் மீதிகள் ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன.

"யாராவது கவனிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"நான் கவனிச்சேனே சார்."

அந்தப் பதிலை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் பேசாமல் இருந்திருந்தால் குலுக்கல் சரிசமமாக முடிந்திருக்கும். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவருடைய குடும்பத்துக்கு நெடுஞ்சாலையோரம் வீடு. ஆனால், ஒத்திகையைப் பார்த்த யாராவது இந்த வட்டத்தைக் கண்டுபிடித்து, வேண்டியவர்களின் மனுவுக்குத் தோதான எண் வாங்கிக் கொடுத்திருந்தால்? அப்படி யாரும் செய்ததாகத் தெரியவில்லை. செய்திருக்க முடியும் என்பதே போதும், அது குலுக்கல் இல்லை.

நாங்கள் இருவரும் அதிகாரியிடம் போனோம். நான் தெலுங்கில் தடுமாறினேன். கலாவதி நிதானமாகச் சொன்னார். தன் நைனாவுக்கு ஏ விழுந்திருப்பதையும் அவரே முதலில் சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழே சீட்டு வாங்கியவர்களின் முகங்கள் அவருக்கும் தெரிந்தன. இப்போது நிறுத்தினால் ஏ வாங்கியவர்கள் சும்மா விடமாட்டார்கள். நிறுத்தாவிட்டால் யாருக்கும் தெரியாது.

"அடுத்த நாலு பேருக்கும் சொல்லுங்க" என்றார் தமிழிலேயே. கலாவதி சொன்னார். நான் பெயர் எதுவும் படிக்காமல் நான்குமுறை அழுத்திக் காட்டினேன். நான்கும் சரி.

அதிகாரி எழுந்தார். "மைக் இவ்வண்டி" என்று கையை நீட்டினார். குலுக்கல் ரத்து, கொடுத்த சீட்டுகள் செல்லாது, சரிசெய்து இன்றைக்கே மறுபடி நடக்கும் என்று தெலுங்கிலும் தமிழிலும் அறிவித்தார். பிறகு ஒலிபெருக்கியைக் கலாவதியிடம் கொடுத்துவிட்டு, "ஏன்னு ஜனங்களுக்கு நீங்க சொல்லுங்க" என்றார்.

மண்டபம் கொதித்தது. முன்வரிசையில் முனிரத்தினம் என்று ஒருவர், ஏ பகுதிச் சீட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எனுக்கு வந்தது வந்ததுதான்! இத எவன் புடுங்கறான்னு பாக்கறேன்!" என்று கத்தினார். அவர் பின்னால் இன்னும் பலர் எழுந்தார்கள். "வேண்டியவங்களுக்கு விழல, அதான் நிறுத்திட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் நெருப்பு மாதிரி பரவியது.

கலாவதி ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். நான் பயந்துபோனேன். அவர் நேராக நடுவில் இருந்த காலி இடத்துக்குப் போய், "பன்னண்டு பேரு வாங்க. வட்டமா நில்லுங்க. சண்ட அப்புறம் போடலாம், முதல்ல இதப் பாருங்க" என்றார். என்ன நடக்கிறதென்று பார்க்கும் ஆசையில் சிலர் வந்து நின்றார்கள். அவர் ஒருவர் தோளிலிருந்த துண்டை வாங்கி, பக்கத்திலிருந்த அம்மாளிடம் கொடுத்தார்.

"இந்தத் துண்டுதான் ஏ பகுதின்னு வச்சிக்குங்க. ரெண்டு பேர உட்டுட்டு மூணாவது ஆளுக்குக் குடுங்க. அவங்களும் அதே மாதிரி குடுக்கணும். சுத்திக்கினே இருக்கட்டும்."

துண்டு சுற்றியது. சுற்றிச் சுற்றி அதே நான்கு பேர் கையில்தான் வந்து விழுந்தது. மற்ற எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு துண்டு கிடைக்காத பெண் ஒருவர், "எம்மா நேரம் சுத்தினாலும் எனுக்கு வராதா?" என்றார்.

"வராதுக்கா. பன்னண்ட மூணு வகுத்துடுது பாருங்க, அதான். காலைல நடந்ததும் இதே தப்புதான். எண்ணு பெருசு, அவ்ளோதான்." கலாவதி திரும்பி முனிரத்தினத்தைப் பார்த்தார். "அண்ணா, நீங்க வந்து பதிமூணாவதா நில்லுங்க."

முனிரத்தினம் முறைத்தார். கூட்டம் அவரையே பார்த்தது. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

அதே துண்டு. அதே மூன்றாவது ஆள். இந்த முறை ஒரு சுற்று முடிந்து மறுசுற்று வரும்போது துண்டு தடம் மாறி விழுந்தது. இதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தவர்களுக்கும் வந்தது. பதின்மூன்று பேர் கையிலும் பட்ட பிறகுதான் தொடங்கிய அம்மாளிடம் திரும்பியது.

"நாலு நாலா குடுத்தா?" என்றார் முனிரத்தினம். குரலில் இன்னும் கோபம்தான்.

"நீங்களே குடுத்துப் பாருங்கண்ணா."

கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரையும் தொட்டுவிட்டு வந்தது. ஐந்தைந்தாகவும் கொடுத்தார்கள். அப்போதும் யாரையும் விடவில்லை. ஒருவர் எண்ணத் தவறியபோது கூட்டமே கத்தித் திருத்தியது. கணக்கென்றால் காததூரம் ஓடுகிறவர்கள் அந்த வட்டத்தைச் சுற்றி நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பதிமூண ஒண்ணும் அதுவும் தவிர எந்த எண்ணும் வகுக்காது. அதுக்குப் பேரு பகா எண். எத்தன பேர தாண்டினாலும் அது ஒருத்தரையும் உடாது" என்றார் கலாவதி. "நம்ம குலுக்கல்லயும் அப்பிடி ஒரு பெரிய எண்ணு இருந்திருக்கணும். ஒண்ணு கூடிப்போச்சி. எங்க ஆபீஸ் தப்பு. எங்க நைனாவுக்கும் ஏ தான் வந்துது. அவரும் சீட்டத் திருப்பிக் குடுப்பாரு."

எல்லோரும் அவருடைய நைனா பக்கம் திரும்பினார்கள். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மகள் தன்னைக் கேட்காமல் ஊர் முன்னால் சொல்லிவிட்டது அவருக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். சீட்டை ஒருமுறை பிரித்துப் படித்தார். பிறகு எழுந்து வந்து மேடை விளிம்பில் வைத்துவிட்டு, மகளைப் பார்க்காமலே திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். முனிரத்தினம் கடைசியில் வந்தார்.

நான் கலாவதியின் பழைய நிரலை எடுத்து ஏற்றினேன். இந்த முறை மொத்த எண்ணிக்கையோடு நிற்காமல், எழுத்துகள் வந்த வரிசையையும் நானும், எண்ணைத் திருத்திவிட்டு எங்களோடு மண்டபத்துக்கு வந்திருந்த நண்பரும் உட்கார்ந்து பார்த்தோம். தன் திருத்தம்தான் காரணம் என்று அவர் அதிகாரியிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அதற்காக அவரையும் எனக்குப் பிடிக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுகுலுக்கல். நிரல் முதலில் பெருக்கும் தொடக்க எண்ணைக் கூட்டமே சொல்லட்டும் என்றார் அதிகாரி. ஒரு மூலையிலிருந்து "ஏழு" என்றார்கள். இன்னொரு மூலையிலிருந்து "தொம்மிதி" என்று தெலுங்கில் ஒன்பது வந்தது. ஆளுக்கு ஓர் இலக்கமாகச் சேர்த்துத் தட்டினேன். கலாவதி கணினிப் பக்கமே வரவில்லை. இந்த முறை ஏ-க்குப் பின்னால் ஏ-யே வந்தது, பிறகு சி, பிறகு மறுபடி ஏ, டி, டி. நான்கு பகுதிகளுக்கும் ஒரே சீராக ஆட்கள் விழவில்லை. ஒன்று முந்தியது, இன்னொன்று பிந்தியது. அந்த ஒழுங்கின்மை எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது.

கலாவதியின் நைனாவுக்கு சி விழுந்தது. "ஏரி தாண்டிப் போகலியே, அதுவரிக்கும் சரி" என்றார். அன்றைக்கு மகளிடம் அவர் பேசியது அது ஒன்றுதான் என்று கலாவதி பிறகு சொன்னார். மறுநாள் பேச்சு வந்துவிட்டதாம்.

முனிரத்தினத்துக்கு டி விழுந்தது.

அவர் மேடையேறிச் சீட்டை வாங்கினார். இறங்கி, நேராகக் கலாவதி உட்கார்ந்திருந்த வரிசைக்கு நடந்தார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அதிகாரியும் எழுந்தார். கலாவதி எழுந்து நின்று கைகூப்பினார்.

"கும்புடாதம்மா" என்றார் முனிரத்தினம். "காலைல வந்தது என் நம்பருக்கு வந்தது. அந்த எடத்துல எவன் நின்னிருந்தாலும் அவனுக்கு வந்திருக்கும். இதுதான் எனுக்கு வந்தது."

அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று வெளியே போனார்.